படிப்பு பாதியில் நிற்காமலிருக்க

நம் வீடுகளில் ஒரு பிள்ளை கலாசாலையில் சேருகிற நாள் பண்டிகை நாள். அவன் பட்டம் வாங்குகிற நாளும் பண்டிகைதான். இந்த இரண்டு பண்டிகைகளுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று நாம் அதிகமாக விசாரிப்பதில்லை. "பையன் படித்துக்கொண்டிருக்கிறான்" என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொள்கிறோம், அவ்வளவுதான். பட்டம் கைக்கு வந்த பிறகே தகப்பனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி, இனிமேல் உத்தியோகத்துக்கு என்ன வழி?" என்று பேச்சைத் தொடங்குவார். முதலில் படிப்பு, பிறகு உத்தியோகம் என்பது நாம் ஏற்படுத்திக்கொண்டிருக்கும் வரிசை.

இந்த வரிசையைச் சற்றே மாற்றி, உத்தியோகத்தைப் பற்றிய விசாரணையைக் கலாசாலையில் காலடி வைத்த முதல் மாதத்திலேயே ஆரம்பித்துவிட்டால் என்ன? அப்படிச் செய்தால், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்களின் தொகை குறையுமா? அமெரிக்க ஐக்கிய நாட்டில் "கம்யூனிட்டி காலேஜ்" என்று வழங்கும் சமுதாயக் கல்லூரிகளில் இந்தக் கேள்வி வெகு நாளாக அடிபட்டு வருகிறது. அங்கே அதற்குக் கிடைத்திருக்கும் விடைகளில் சில வியப்பைத் தருகின்றன. சில எச்சரிக்கையைத் தருகின்றன.

முதலில் இந்தக் கல்லூரிகளின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிகாகோ நகரத்துக்குத் தென்மேற்கே ஜோலியட் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1901-ஆம் வருஷத்தில் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் தலைவர் ஜே. ஸ்டான்லி பிரௌன் என்பவரும், சிகாகோ சர்வகலாசாலைத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். வெளியூர் சென்று படிக்க வசதியில்லாத பிள்ளைகள், உள்ளூர்ப் பள்ளிக்கூடத்திலேயே சர்வகலாசாலைப் படிப்பின் முதல் இரண்டு வருஷத்தை முடித்துக்கொள்ளலாம் என்பதே அந்த ஏற்பாடு. சேர்ந்த மாணாக்கர் ஆறு பேர். அந்த ஆறு பேரிலிருந்து வளர்ந்து, இன்று ஏறத்தாழ ஆயிரம் கல்லூரிகள் அந்நாடெங்கும் இருக்கின்றன. இரண்டாவது உலக யுத்தம் முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பிய சமயத்தில், 1947-இல், ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த குழு இத்தகைய கல்லூரிகளை ஊர்தோறும் பெருக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. "சமுதாயக் கல்லூரி" என்ற பெயர் பரவியதும் அதன் பிறகுதான்.

இவற்றின் பெருமையெல்லாம் ஒரே ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கிறது. வாசற்கதவு யாருக்கும் அடைக்கப்படுவதில்லை. மார்க்குப் பட்டியலைக் காட்டி உள்ளே நுழைய வேண்டியதில்லை. சம்பளமும் பெரிய சர்வகலாசாலைகளைப் பார்க்கக் குறைவு. பகலில் கடையில் நின்றுவிட்டு இரவில் வகுப்புக்கு வருகிற பெண், மூன்று குழந்தைகளுக்குத் தாயான பின் மறுபடி புத்தகத்தை எடுத்தவள், வேற்று நாட்டிலிருந்து குடியேறி ஆங்கிலமும் கணக்கும் ஒருங்கே பயிலுகிறவன், நாற்பது வயதில் ஆலை மூடப்பட்டு வேறு தொழில் தேடுகிறவர் என்று எல்லோரும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்திருப்பார்கள். நம் கலாசாலை வகுப்புகளில் காணும் ஒரே வயது, ஒரே தோரணை அங்கே கிடையாது.

ஆனால், உள்ளே வர எளிதாக இருக்கும் வீட்டிலிருந்து வெளியே போவதும் எளிதாகத்தான் இருக்கிறது. சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தவர்களில், ஆறு வருஷம் கழித்துப் பார்த்தாலும், ஏதேனும் ஒரு பட்டமோ சான்றிதழோ பெற்றவர்கள் பாதிக்கும் குறைவு. நூற்றுக்கு எண்பது பேர் வரையில் பின்னால் சர்வகலாசாலைக்குப் போய் பி.ஏ. பட்டமும் வாங்குவதாக எண்ணித்தான் சேருகிறார்கள். ஆறு வருஷத்துக்குள் அந்த எண்ணம் கைகூடுகிறவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான்.

"சோம்பேறிகள், படிக்கவில்லை, தேறவில்லை" என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடலாம். உண்மை அதுவன்று. பரீட்சையில் நன்றாகத் தேறிக்கொண்டிருப்பவர்களே பலர் நின்றுவிடுகிறார்கள். கடை முதலாளி வேலை நேரத்தை மாற்றுகிறார். மோட்டார் வண்டி ரிப்பேராகிவிடுகிறது. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டிக்கு உடம்புக்கு வந்துவிடுகிறது. இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்த அன்று மாணாக்கரின் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது: "இத்தனை பாடுபட்டு இதை எதற்காகப் படிக்கிறேன்?" இதற்குத் தெளிவான விடை இருக்கிறவள் எப்படியாவது வேறொரு வண்டியைத் தேடிப் பிடித்து வகுப்புக்கு வந்துவிடுகிறாள். விடை இல்லாதவள் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறாள். பிறகு அவள் வருவதே இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடிக் கொடுக்க வேண்டிய இடம்தான் தொழில் வழிகாட்டும் காரியாலயம்.

அமெரிக்காவில் இவ்வித வழிகாட்டலுக்கு மூலபுருஷர் என்று சொல்லத்தக்கவர் பிராங்க் பார்சன்ஸ். மனிதர் பல தொழில் பார்த்தவர். இஞ்சினீயராக இருந்தார், பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார், வக்கீலானார், பாஸ்டன் நகரத்தின் மேயர் தேர்தலுக்கு நின்று தோற்றும் போனார். தமக்கேற்ற தொழில் எது என்று தேடி அலைந்த அனுபவம் அவருக்குச் சொந்தத்திலேயே நிறைய இருந்தது என்று சொன்னால் தவறில்லை! 1908-இல் பாஸ்டனில், குடியேறிய ஏழைகள் கூடும் ஒரு நிலையத்தில், இளைஞர்களுக்குத் தொழில் யோசனை சொல்லும் காரியாலயம் ஒன்றைத் திறந்தார். உன்னை நீ தெரிந்துகொள், தொழில்களைத் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவு செய். அவருடைய உபதேசம் இவ்வளவே. அந்த வருஷமே அவர் காலமாகிவிட்டார். அவருடைய புத்தகம் மறு வருஷம் வெளிவந்தது.

இவ்வளவு நல்ல நோக்கத்தோடு ஆரம்பமான காரியம் சமுதாயக் கல்லூரிகளுக்குள் நுழைந்தபோது ஒரு விசித்திரமான உருவத்தை எடுத்தது. பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியல் அறிஞர் காலிபோர்னியாவில் ஸான் ஹோஸே ஊர்க் கல்லூரியை ஆராய்ந்து 1960-இல் எழுதியதைப் படித்தால் மனசு சங்கடப்படுகிறது. டாக்டராகவும் இஞ்சினீயராகவும் ஆசைப்பட்டு வந்த பிள்ளைகளை, ஆலோசகர்கள் பரீட்சை மார்க்கையும் பழைய பதிவுகளையும் சிறிது சிறிதாக எடுத்துக் காட்டி, "உனக்கு இது போதுமே" என்று ஒரு சிறு தொழிற் படிப்பின் பக்கம் நகர்த்தினார்களாம். அதட்டலில்லை, வெளியேற்றமில்லை, ஆசையை ஆற வைப்பதுதான் வேலை. கொதிக்கிற பாலைப் பக்கத்தில் வைத்து விசிறுவது போல! வழிகாட்டுவதற்காக ஏற்பட்ட காரியாலயமே வழியை மறிக்கிற காரியாலயமாகவும் ஆகலாம் என்பதை நாம் மறப்பதற்கில்லை. ஏழைப் பிள்ளைக்கு யோசனை சொல்லும் நாற்காலியில் உட்காருகிறவர், தாம் அவனுடைய ஏழ்மையைப் பார்த்து யோசனை சொல்லுகிறோமா, அவனுடைய திறமையைப் பார்த்துச் சொல்லுகிறோமா என்று தினந்தோறும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்கப்புறம் வெகு காலம் வரையில் பல கல்லூரிகளில் இந்தக் காரியாலயம் இருந்தது இருந்தபடியே கிடந்தது. மாணாக்கர் ஆயிரம் பேருக்கு ஓர் ஆலோசகர், சில இடங்களில் அதற்கும் மேல். கடைசித் தவணையில் வந்து, மனுப் போடுவது எப்படி என்று கேட்டுக்கொண்டு போவார்கள். ஆனால் யாருக்கு உதவி வேண்டுமோ அவர்கள் கடைசித் தவணை வரையில் இருந்தால் அல்லவா! பாடத்திட்டமும் ஹோட்டல் பலகாரப் பட்டியல் மாதிரி நீளமாக இருந்தது. வேண்டியதைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். எதை எதோடு சேர்த்தால் எந்த உத்தியோகம் கிடைக்கும் என்று சொல்ல ஆளில்லை. கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த தாமஸ் பெய்லி முதலிய மூவர் 2015-இல் எழுதிய நூலில் இந்தக் குறையைத்தான் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னார்கள். அதன் பிறகு பல கல்லூரிகள், முடிவில் உள்ள உத்தியோகத்திலிருந்து பின்னோக்கி வந்து, எந்தத் தவணையில் எந்தப் பாடம் என்று பாதை போட்டுக் கொடுக்க முற்பட்டிருக்கின்றன.

*

நியூயார்க் நகரத்தில் நடந்த ஒரு பரீட்சையைப் பற்றி இங்கே சற்று விவரமாகச் சொல்ல வேண்டும்.

அந்த நகரத்துச் சர்வகலாசாலையின் கீழுள்ள சமுதாயக் கல்லூரிகளில் 2007-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதன் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து "அஸாப்" என்று அழைக்கிறார்கள். "கூடிய சீக்கிரம்" என்பதற்கு அங்கே வழங்கும் குறுக்கெழுத்தும் அதுவே. இதில் சேருகிற மாணாக்கர் முழு நேரமும் படிக்க வேண்டும். உபகாரத் தொகை போகக் கட்டணத்தில் மிச்சமிருப்பதைத் திட்டமே கட்டிவிடும். பாடப் புத்தகமும் கொடுக்கும். ஆரம்ப வருஷங்களில் ஓர் ஆலோசகரிடம் ஒப்படைக்கப்பட்ட மாணாக்கர் சில டஜன் பேர்தான், ஆயிரமன்று. ஒவ்வொரு தவணையிலும் ஒரு தடவையாவது தொழில் வழிகாட்டும் உத்தியோகஸ்தரைக் கண்டு பேச வேண்டும், அல்லது அவர் நடத்தும் கூட்டத்துக்கு வர வேண்டும். இது இஷ்டப்பட்டால் செய்யலாம் என்ற விஷயமல்ல. செய்தே தீர வேண்டியது.

இதோடு ஒரு சின்ன யுக்தியும் செய்தார்கள். நியூயார்க்கில் சுரங்க ரயிலிலும் பஸ்ஸிலும் போவதற்கு அந்த நாட்களில் "மெட்ரோ கார்டு" என்ற சீட்டு இருந்தது. மாதந்தோறும் அந்தச் சீட்டைத் திட்டத்தார் இனாமாகக் கொடுத்தார்கள். ஆனால் திட்டத்தின் நிபந்தனைகளை நிறைவேற்றுகிறவர்களுக்கு மட்டும். ஆலோசகரை வந்து பார்த்தால்தான் சீட்டு! பெரிய பெரிய உபதேசங்களால் ஆகாததை ஒரு ரயில் சீட்டு சாதித்தது. வீட்டிலிருந்து இரண்டு ரயில் மாறி வருகிற ஏழை மாணவிக்கு அந்தச் சீட்டின் அருமை, மோட்டாரில் வருகிறவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

இதன் பலனை அறிய, எம்.டி.ஆர்.ஸி. என்ற ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் ஏறக்குறைய தொள்ளாயிரம் மாணாக்கரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல் இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். எல்லோரும் வருமானம் குறைந்தவர்கள். கணக்கிலோ ஆங்கிலத்திலோ அஸ்திவாரப் பாடம் படிக்க வேண்டியிருந்தவர்கள். ஒரு கூட்டத்துக்குத் திட்டத்தின் உதவி. மற்றொன்றுக்குக் கல்லூரியின் வழக்கமான உதவி. மூன்று வருஷம் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். வழக்கமான முறையில் படித்தவர்களில் பட்டம் பெற்றவர் நூற்றுக்கு 22. திட்டத்தில் இருந்தவர்களில் 40. ஏறக்குறைய இரட்டிப்பு. "நியூயார்க்கில் நடந்தது வேறெங்கும் நடக்காது" என்று சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். ஒஹையோ மாகாணத்தில் மூன்று கல்லூரிகளில் அதே ஏற்பாட்டைச் செய்தபோது, அங்கேயும் 19 என்பது 35 ஆயிற்று.

செலவு? அதையும் மறைக்காமல் கணக்குப் பார்த்தார்கள். நியூயார்க்கில் ஒரு மாணாக்கருக்கு ஆன செலவு வழக்கத்தைவிட நூற்றுக்கு அறுபதுக்கு மேல் கூடுதல். ஆனால் பட்டம் பெற்றவர் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் வழக்கத்தைவிடக் குறைவு! பாதியில் நின்றவர்களுக்காகச் செலவழிந்த பணம் யாருக்கும் உதவாத பணம் என்பதை, ஸ்தாபனங்களை நடத்துகிறவர்கள் பொதுவாகக் கணக்கில் எழுதுவதில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. கட்டண உதவி, புத்தகம், ரயில் சீட்டு, ஆலோசகர், தொழில் வழிகாட்டி என்று எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும்போது, எது எவ்வளவு வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாதுதான். கஷாயத்தில் சுக்கா, மிளகா, திப்பிலியா, எது ஜுரத்தை இறக்கியது என்று கேட்கிற மாதிரி. தொழில் வழிகாட்டல் மட்டும் தனியாக நின்று இத்தனையும் செய்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வழி தெரிந்தும் பஸ்ஸுக்குக் காசில்லாதவள் வீட்டில்தான் இருப்பாள். காசிருந்தும் வழி தெரியாதவளுடைய கதியும் அதுதான்.

உத்தியோகம் என்று ஆசை காட்டுவதிலும் அபாயம் இருக்கிறது. அமெரிக்காவில் லாபத்துக்காகவே நடத்தப்பட்ட சில கல்லூரிக் கம்பெனிகள், "எங்களிடம் படித்தவர்களில் இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது" என்று பொய்யான கணக்குக் காட்டிப் பிள்ளைகளைச் சேர்த்தன. கொரிந்தியன் என்ற கம்பெனி இவ்விஷயத்தில் சர்க்காரின் பிடியில் அகப்பட்டு, 2015-இல் 3 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதே மாதம் தன் கல்லூரிகளை இழுத்து மூடிவிட்டது. கடன் வாங்கிப் படித்த ஆயிரக்கணக்கானவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். நம் ஊர்ப் பத்திரிகைகளிலும் சுவர்களிலும் "நூற்றுக்கு நூறு வேலை உறுதி" என்ற விளம்பரங்களைக் காண்கிறோம். அந்த நூறு எந்த நூறு என்று கேட்டுவிட்டுப் பிள்ளையைச் சேர்ப்பது நலம்.

நம் பக்கத்திலும் சமுதாயக் கல்லூரி என்ற பெயர் புதிதல்ல. புதுச்சேரி சர்வகலாசாலை 1995-இலும், சென்னை - மயிலைக் கத்தோலிக்க மறைமாவட்டத்தார் 1996-இலும் அத்தகைய கல்லூரிகளைத் தொடங்கினார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களையும் சேர்த்துக்கொண்டு, உள்ளூர்த் தொழிலகங்களில் நேரே பழக்கிவிடுவது அவற்றின் முறை. அமெரிக்கக் கல்லூரிகளின் பிரம்மாண்டமான உருவம் இவற்றுக்கு இல்லை. ஆனால் வேலை எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டுப் பாடத்தை வகுக்கும் சுபாவம் இருக்கிறது.

*

கடைசியாக, இந்த விஷயத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த வரலாறு ஒன்று உண்டு. அது ஒரு கலாசாலையில் தொடங்கவில்லை. ஒரு தையல் ஆலை மூடப்பட்டதில் தொடங்கியது.

டெக்ஸாஸ் மாகாணத்தில் ஸான் அன்டோனியோ என்ற பெரிய நகரம் இருக்கிறது. 1990-ஆம் வருஷ ஆரம்பத்தில், லீவை ஸ்டிராஸ் கம்பெனி அங்கிருந்த தன் ஆலையை மூடி, வேலையை மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டாரிகாவுக்கும் வேறிடங்களுக்கும் கொண்டுபோய்விட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மெக்ஸிகோ வம்சத்துப் பெண்கள். ஊசியும் நூலும் தவிர வேறு தொழில் அறியாதவர்கள்.

அவ்வூரில் மாதா கோயில்களைச் சேர்ந்த ஜனங்கள் கூடி நடத்தும் "காப்ஸ்", "மெட்ரோ அலையன்ஸ்" என்ற இரண்டு சங்கங்கள் இருந்தன. அவற்றின் அங்கத்தினர்கள் வீடு வீடாகக் கூடிப் பேசினார்கள். அப்போது ஒரு விஷயம் மறுபடி மறுபடி வெளிவந்தது. சர்க்கார் நடத்திய பயிற்சிகளுக்குப் போனவர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் கையில் சான்றிதழும் இருந்தது. அந்தச் சான்றிதழைக் கேட்கிற முதலாளிதான் ஊரில் இல்லை! இல்லாத வேலைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே சங்கத்தார் முதலில் ஆஸ்பத்திரிகளையும் கம்பெனிகளையும் தேடிப் போய், "உங்களுக்கு எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் இருக்கிறது? என்ன சம்பளம் தருவீர்கள்?" என்று கேட்டார்கள். அதன் பிறகே, 1992-இல், "புராஜெக்ட் குவெஸ்ட்" என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். சொந்தமாகப் பள்ளிக்கூடம் கட்டவில்லை. ஊரிலுள்ள சமுதாயக் கல்லூரிகளுக்கே மாணாக்கரை அனுப்பினார்கள். கட்டணம், புத்தகம், நர்ஸ் உடுப்பு, பஸ் செலவு, லைசென்ஸ் பரீட்சைக்கான தொகை எல்லாவற்றுக்கும் உதவி செய்தார்கள். படிக்கிற காலத்தில் ஜீவனத்துக்குச் சம்பளம் மட்டும் கொடுப்பதில்லை. அது கடினமான ஏற்பாடுதான்.

இதில் உயிர்நிலை எது என்றால், வாரம் ஒரு தடவை கூடும் கூட்டம். ஆலோசகர் நடுவில் இருக்க, மாணாக்கர் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். நேரத்தைப் பங்கிடுவது எப்படி, பரீட்சைக்குப் படிப்பது எப்படி, முதலாளி நேரில் கூப்பிட்டுக் கேட்கும்போது எப்படிப் பதில் சொல்வது என்பவையெல்லாம் அங்கே வரும். அதோடு, போன வாரம் வராதவள் ஏன் வரவில்லை என்பதும் வரும். வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்ததா, புருஷன் சண்டை பிடித்தானா, ரசாயன பாடம் புரியவில்லையா என்று ஒருவர் விசாரிக்கிறார். படிப்பை விடுவது என்று முடிவு செய்வதற்கு முன்னால், அதை ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது.

2006 முதல் 2008 வரையில் வைத்திய சம்பந்தமான படிப்புகளுக்கு மனுச் செய்த 410 பேரைக் கொண்டு இதையும் பரீட்சித்துப் பார்த்தார்கள். உதவி பெற்றவர்களும் பெறாதவர்களும் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒன்பது வருஷம் பின்தொடர்ந்தார்கள். முதல் ஓரிரண்டு வருஷங்களில் பெரிய லாபம் ஒன்றும் தெரியவில்லை. படிக்கிறவர்கள் சம்பாதிக்க முடியாதல்லவா? ஆனால் ஆறாவது வருஷத்தில், உதவி பெற்றவர்கள் மற்றவர்களைவிட வருஷத்துக்கு ஐயாயிரம் டாலருக்கு மேல் அதிகமாகச் சம்பாதித்தார்கள். ஒன்பதாவது வருஷத்திலும் வித்தியாசம் மறையவில்லை. இவ்விதப் பரீட்சைகளில் பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் பலன் கரைந்துவிடும் என்று அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்பது விளங்கும்.

சங்கத்தார் வருஷந்தோறும் நகரசபையின் பட்ஜெட் சமயத்தில் இந்த ஸ்தாபனத்துக்காகப் போய் வாதாடிப் பணம் வாங்கி வந்தார்கள். 2020-ஆம் வருஷம் நவம்பர் மாதம் காரியம் நகரசபையைத் தாண்டி ஜனங்களிடமே வந்தது. கொள்ளை நோயின் காரணமாக ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிழந்து, இலவச உணவுக்காக மோட்டார் வண்டிகளில் வரிசை வரிசையாகக் காத்துக் கிடந்த வருஷம் அது. நிலத்தடி நீரைப் பாதுகாப்பதற்கென்று வசூலித்துவந்த விற்பனை வரி ஒன்றைச் சில வருஷங்களுக்குத் தொழிற் பயிற்சிக்கும் கல்லூரிப் படிப்புக்கும் திருப்பிவிடலாமா என்று ஓட்டெடுத்தார்கள். எட்டு டாலருக்குச் சாமான் வாங்கினால் ஒரு சென்ட் வீதம் கொடுக்கும் வரி. ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டவர்கள் "ஆகட்டும்" என்று சொன்னார்கள்.